அடிச்சுப் போட்ட மாதிரி: பிரெஞ்சு அலுப்பும் முத்துக்குளித்துறை நேரமும்

பிரெஞ்சு படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் கையில் ஒரு பட்டியல் கட்டாயம் இருக்கும். இடது பக்கம் பிரெஞ்சு மரபுத்தொடர், நடுவில் ஒரு சமக்குறி, வலது பக்கம் பொருள். 'நேரம்' என்று ஒரு தலைப்பு, 'களைப்பு' என்று இன்னொரு தலைப்பு. பரீட்சைக்கு முதல் நாள் உருப்போட வசதியானது. பேச்சுக்கு அது எவ்வளவு உதவும் என்பதுதான் கேள்வி.

இந்தக் குறிப்பு அந்தப் பட்டியலைப் பற்றிய விமர்சனம். ஏதோ ஒரு புத்தகத்தைக் குறிவைத்து எழுதவில்லை. அந்த வகையே எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்க்கப்போகிறேன். பார்ப்பதற்கு நான் எடுத்துக்கொண்ட இடம் தூத்துக்குடி. பிரெஞ்சுக்குப் புதுச்சேரிதானே பொருத்தம் என்று கேட்கலாம். ஆனால் அந்நியர் ஒருவர் நம் அன்றாடப் பேச்சைக் காதால் கேட்டு, வாயால் பேசி, தப்பு செய்து, திருத்தி, அதை எழுத்திலும் வைத்த வரலாறு இந்தக் கரைக்கு ஏறக்குறைய 480 வருஷமாக இருக்கிறது. சமக்குறியை நம்பினால் என்ன ஆகும் என்று இங்கே எழுத்திலேயே சாட்சி உண்டு.

(பிரெஞ்சுத் தொடர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒலி ஏறக்குறைய இருக்கும், அவ்வளவுதான்.)

சமக்குறியின் முதல் சேதம்

1542இல் பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழாக்கினார். 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. கரையோர மக்கள் 'விசுவசிக்கிறேன்' என்பதற்குப் பதிலாக 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு சேவியரே தன் உதவியாளர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில், 'வேணும்' என்றால் ஆசைப்படுவது, அதை மாற்றி நம்பிக்கையைக் குறிக்கும் சொல்லைப் போடுங்கள் என்று சொல்லவேண்டி வந்தது.

யாரோ ஒருவர் மனசுக்குள் ஒரு சமக்குறி போட்டிருக்கிறார். அதன் விளைவு ஒரு மதத்தின் மையச் சொல்லையே மாற்றிவிட்டது.

அவருக்குப் பின் வந்த அன்றிக் அன்றீக்கஸ் வேறு வழியில் போனார். புன்னைக்காயல், தூத்துக்குடி என்று இந்தக் கரையிலேயே ஐம்பது வருஷத்துக்கும் மேல் வாழ்ந்து 1600இல் இறந்தவர். அவர் போர்த்துக்கேயத்தில் எழுதிய தமிழ் இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பனில் இருக்கிறது. ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் சேர்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடையதுதான். அவருடைய இலக்கணத்தின் சட்டகம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. உள்ளே இருக்கும் தமிழ் ஏட்டிலிருந்து எடுத்ததல்ல, கரையில் காதில் விழுந்தது. வித்தியாசம் அங்கேதான்: அவர் அகராதியைத் திறந்து கற்கவில்லை, ஏனென்றால் திறப்பதற்கு அப்படி ஒன்று அவருக்கு அமையவில்லை. யார் யாரிடம் எப்போது சொல்கிறார்கள் என்று கேட்டுத்தான் ஒரு சொல்லைப் பிடிக்கமுடிந்தது.

பட்டியலை வைத்துப் பிரெஞ்சு படிக்கிறவருக்கு இல்லாமல்போவது இந்த 'யார், யாரிடம், எப்போது' தான்.

படம் ஒண்ணு, பொருள் வேற

களைப்பிலிருந்து தொடங்கலாம். பிரெஞ்சில் 'கூ த பார்' என்று ஒரு தொடர். கட்டையாலோ கம்பியாலோ விழுந்த அடி என்பது நேர்ப்பொருள். பட்டியலில் 'மிகுந்த களைப்பு' என்று போட்டிருக்கும். தமிழ்ப்பிள்ளை பார்த்த உடனே சந்தோஷப்படும்: "அட, நம்ம 'அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு' தானே!"

படம் ஒன்றுதான். ஆனால் பயன்படும் இடம் வேறு. 'கூ த பார்' திடீரென்று வந்து விழுகிற களைப்பு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆபீஸில் உட்கார்ந்தவருக்கு ரெண்டரை மணிக்குக் கண் சொருகுமே, அது. நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டென்று வருமே, அது. ஒரு காபி குடித்தால் போய்விடலாம். நம்ம 'அடிச்சுப் போட்ட மாதிரி' அப்படி இல்லை. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு மறுநாள் காலையில் எழுந்தால், கை கால் எல்லாம் கடுத்து, உடம்பே தன் வசம் இல்லாமல் கிடக்கிற நிலை. அது காபிக்கு அசையாது. அப்படியானால் 'கூ த பார்'க்குத் தமிழில் கிட்டத்தட்ட வருவது 'உண்ட மயக்கம்', இல்லாவிட்டால் 'கண்ணு சொருகுது'. அதில் அடியும் இல்லை, கட்டையும் இல்லை.

இன்னும் ரெண்டு பாருங்கள். 'லெசிவே' என்றால் துவைத்தெடுக்கப்பட்டவர். 'வானே' என்றால் முறத்திலிட்டுப் புடைக்கப்பட்டவர். பிரெஞ்சில் ரெண்டுமே 'அக்கடான்னு ஓய்ஞ்சுபோயிட்டேன்' என்று தன்னைப் பற்றிச் சொல்வது. தமிழிலும் துவைப்பும் புடைப்பும் உண்டு. ஆனால் 'அவனத் துவைச்சு எடுத்துட்டாங்க', 'புடைச்சு எடுத்துட்டான்' என்றால் அங்கே அடிதடி நடந்திருக்கிறது, களைப்பு இல்லை. ஒரே ஆற்றங்கரை, ஒரே முறம், ஆனால் ரெண்டு மொழியும் அந்த வேலையிலிருந்து எடுத்துக்கொண்டது வெவ்வேறு. பிரெஞ்சு துணியின் பக்கம் நின்று பேசுகிறது, தமிழ் துவைக்கிற கையின் பக்கம் நின்று பேசுகிறது.

அதனால்தான், நேர்ப்பொருள் தெரிந்தால் மரபுத்தொடர் புரிந்துவிடும் என்று பாடப்புத்தகங்கள் தருகிற ஆறுதலை நான் ஏற்கவில்லை. நேர்ப்பொருள் நினைவில் நிற்க உதவும். பயன்பாட்டுக்கு அது வழிகாட்டாது, சில நேரம் வழி தவறவும் வைக்கும்.

இலக்கணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 'எனக்கு உறக்கம் வருது' என்று நாம் சொல்கிறோம். உறக்கம்தான் எழுவாய், அதுதான் வருகிறது. நாம் சும்மா இருக்கிறோம். பிரெஞ்சில் உறக்கம் 'இருக்கிறது', அதாவது 'ஜே சொமேய்', உறக்கத்தை உடையவன். ஆனால் களைப்பு என்று வந்தால் 'ஜ சுயி ஃபத்திகே', நானே களைத்தவன். உறக்கம் கையில் வைத்திருக்கும் பொருள், களைப்பு ஆளின் நிலை. இதைப் பட்டியல் சொல்வதில்லை. விளைவு, 'நான் உறக்கமாக இருக்கிறேன்' என்று 'சுயி'யையும் 'சொமேய்'யையும் ஒட்டவைக்கிற வாக்கியம். புரிந்துகொள்வார்கள், சிரித்துக்கொள்வார்கள்.

படம் வேற, வேலை ஒண்ணு

நேரத்துக்கு வந்தால் கதை தலைகீழ். இங்கே சொற்கள் கொஞ்சமும் ஒத்துப்போகாது, ஆனால் வேலை ஒன்றாக இருக்கும்.

கதவுக்கு வெளியே நின்று ஒருவர் கூப்பிடுகிறார். உள்ளே இருப்பவர் இன்னும் சட்டையே போடவில்லை. தூத்துக்குடியில் என்ன சொல்வார்? "இந்தா வந்துட்டேன்." இறந்தகாலம்! பிரெஞ்சுக்காரர் என்ன சொல்வார்? 'ஜாரீவ்', அதாவது வந்து சேர்கிறேன். நிகழ்காலம். ரெண்டு பேரும் இடத்தை விட்டு அசையவில்லை. ரெண்டு பேரும் பொய் சொல்லவும் இல்லை. கூப்பிட்டவருக்கு 'உன் குரல் கேட்டுவிட்டது, இனி நீ கத்தவேண்டாம்' என்று சொல்கிறார்கள். பட்டியல்கள் 'ஜாரீவ்'வை மரபுத்தொடராகவே சேர்ப்பதில்லை, ஏனென்றால் அதில் நாயும் இல்லை, கோழியும் இல்லை. வேடிக்கையான படம் இருந்தால்தான் மரபுத்தொடர் என்று நினைப்பது இந்த வகையின் பெரிய குறை.

அடுத்தது 'தூத்தாலேர்'. இதே தொடர் 'கொஞ்ச நேரம் முன்னாடி' என்றும் வரும், 'கொஞ்ச நேரத்துல' என்றும் வரும். எந்தப் பக்கம் என்று வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கும். மாணவர்கள் இதைக் கண்டு மிரளுகிறார்கள். மிரளத் தேவையில்லை. நாம் 'இப்ப' என்ற சொல்லை வைத்து இதையேதான் செய்கிறோம்: "இப்பதான் போனான்", "இப்ப வந்துருவான்". ஆனால் இங்கும் சமக்குறி போடாதீர்கள். நம்ம 'இப்ப' இந்த நிமிஷத்தையும் குறிக்கும், 'தூத்தாலேர்' குறிக்காது. அது பெரும்பாலும் அந்த ஒரே நாளுக்குள் முன்னும் பின்னும் நகரும்.

'கேன்ஸ் ஜூர்', அதாவது பதினைந்து நாள், பிரெஞ்சில் ரெண்டு வாரம். ரெண்டு வாரத்துக்குப் பதினாலு நாள்தானே என்று கணக்கு வாத்தியார் கேட்பார். 'பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க' என்று நம்ம கடைக்காரர் சொல்லும்போதும் அதே ரெண்டு வாரம்தான். தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்து எண்ணுகிற பழக்கம் ரெண்டு பக்கமும் இருக்கிறது. இங்கே மட்டும் பிரெஞ்சைத் தமிழில் நினைத்துக்கொள்வது ஆங்கிலத்தில் நினைப்பதைவிடச் சுளுவு.

அந்தி மயங்குகிற நேரத்துக்குப் பிரெஞ்சில் 'ஆன்த்ர ஷியேன் ஏ லூ', நாய்க்கும் ஓநாய்க்கும் நடுவே. எதிரே வருவது நாயா ஓநாயா என்று பிரித்தறிய முடியாத வெளிச்சம். தமிழில் 'கருக்கல்' என்கிறோம். தெற்கே 'பொழுது மசங்க' என்றும் உண்டு. பிரெஞ்சுத் தொடர் பெரும்பாலும் சாயங்காலத்துக்கே வரும். கருக்கல் விடியலுக்கு முந்தின மங்கலுக்கும் வரும். கருக்கலில் கடலுக்குப் புறப்படுகிற ஊரில் இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை. கருக்கலை நாயும் ஓநாயுமாக மொழிபெயர்த்தால், கடலுக்குப் போகிறவனைப் பிரெஞ்சு வாசகர் வீடு திரும்ப வைத்துவிடுவார்.

எப்போதாவது நடப்பதற்கு, 'து லே த்ரான்த் சீஸ் த்யூ முவா', மாதத்தின் முப்பத்தாறாம் தேதிதோறும். நாம் 'ஆடிக்கு ஒருக்கா, அமாவாசைக்கு ஒருக்கா' என்போம். பிரெஞ்சு காலண்டரில் இல்லாத தேதியைச் சொல்கிறது. நாம் இருக்கிற தேதியைச் சொல்லி, அதற்குள் அரிதை வைக்கிறோம். சொல்லும்போது வருகிற சலிப்பு மட்டும் பொது. இதோடு பட்டியலில் 'நாலு வியாழக்கிழமை வருகிற வாரம்' என்ற தொடரும் கட்டாயம் இருக்கும், ஒருபோதும் நடக்காது என்ற பொருளில். பிரான்ஸில் ஒரு காலத்தில் வியாழன்தான் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. 1972இல் அது புதன்கிழமைக்கு மாறிவிட்டது. தொடர் மட்டும் வியாழனிலேயே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத நம்ம கத்தோலிக்கக் கரையூர்களுக்கு இதை விளக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் பட்டியல் இந்தக் காரணத்தையும் சொல்லாது, தொடருக்கு இப்போது வயசாகிவிட்டது என்றும் சொல்லாது.

துறைமுகத்தில் ஏற்கெனவே இருக்கும் பிரெஞ்சு

பிரெஞ்சு நமக்குத் தூரத்து மொழி என்று நினைப்பவர்கள் துறைமுகத்துக்குப் போய் 'டெமரேஜ்' என்று சொல்லிப்பார்க்கட்டும். லாரி டிரைவரிலிருந்து கிளியரிங் ஏஜெண்ட் வரை யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. குறித்த நாளுக்குள் சரக்கை ஏற்றி இறக்கவில்லை என்றால், எடுக்கவேண்டிய நாளில் கண்டெய்னரை எடுக்கவில்லை என்றால், விழுகிற பணம். ஆங்கிலம் வழியாக வந்தாலும் அதன் வேர் பழைய பிரெஞ்சில், 'தங்கு, தாமதி' என்ற வினையில் இருக்கிறது. நேரத்தைப் பற்றிய ஒரு பிரெஞ்சுச் சொல் நம்ம ஊரில் தினமும் புழங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு இன்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள்: 'சுயுரெஸ்தாரி'.

கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க ஒதுக்கிய நாட்களுக்குப் பிரெஞ்சில் 'ஜூர் த ப்ளான்ஷ்', பலகை நாட்கள் என்று ஒரு பெயர் உண்டு. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போடுகிற பலகை. பட்டியலில் வருகிற பலகை வேறு: 'பலகை மேல் ரொட்டி இருக்கிறது' என்றால் இன்று 'தலைக்கு மேல வேலை கிடக்கு' என்று பொருள். ஒரு காலத்தில் அதற்குச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை, கையிருப்பு இருக்கிறது என்று பொருள். நிம்மதியைச் சொன்ன தொடர் இன்று மூச்சுமுட்டலைச் சொல்கிறது. நேர்ப்பொருளை வைத்துப் பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்கிறவர்கள் இந்த ஒரு தொடரை எப்படி விளக்குவார்கள்?

மூச்சு

நேரமும் களைப்பும் ஒரே சொல்லில் சந்திக்கிற இடம் மூச்சு. 'மூச்சு விட நேரமில்ல' என்றால் வேலை நெருக்கடி. 'ஒரே மூச்சுல முடிச்சிட்டேன்' என்றால் இடைவிடாத வேகம். பிரெஞ்சில் 'ஆ பூ த சூஃப்ல்', மூச்சின் முடிவில். 1960இல் வந்த கோதாரின் படத்துக்கு இதுதான் தலைப்பு. ஓடி இளைத்தவனுக்கும் சொல்லலாம், இனி இழுக்கமாட்டேன் என்று நிற்கிற ஒரு நிறுவனத்துக்கும் சொல்லலாம். அது களைப்பைச் சொல்கிறது, நேரத்தை அல்ல. நம்ம 'மூச்சு விட நேரமில்ல' நேரத்தைச் சொல்கிறது. மறுபடியும் ஒரே படம், ரெண்டு பொருள்.

ஆனால் இந்தக் கரையில் மூச்சு உருவகமாக மட்டும் இருந்ததில்லை. முத்துக்குளிப்பவர் கல்லைக் கட்டின கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாருக்கு இறங்கி, சிப்பிகளை வலைப்பையில் அள்ளி, கயிற்றை இழுத்துச் சைகை காட்டி, மேலே இருப்பவர் தூக்கிவிட ஏறிவருவார். எல்லாம் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்துக்குள். மூச்சுதான் கடிகாரம். மேலே கயிறு பிடித்தவர் அசந்தால் கீழே இருப்பவருக்கு நேரம் முடிந்தது. தூத்துக்குடியில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை. முத்து நின்றபின்னும் சங்குகுளிப்பு நிற்கவில்லை.

யாரிடம் எதைச் சொல்வது

இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருவோம். 'நாக்கு தள்ளிருச்சுடா', 'பெண்டு நிமிந்துருச்சு' என்று கூட்டாளியிடம் சொல்லலாம். படகு வைத்திருக்கிற சம்மாட்டியிடமோ வேலை கொடுக்கிற அண்ணாச்சியிடமோ சொல்லமாட்டோம். அங்கே "கொஞ்சம் அசதியா இருக்கு அண்ணாச்சி" என்று அடங்கிவிடும். பிரெஞ்சிலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. 'க்ரவே' என்றால் வெடித்த டயர், செத்த விலங்கு. நண்பனிடம் தாராளமாகச் சொல்லலாம். நேர்முகத் தேர்வில் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அங்கே 'எப்யுயிசே' போதும். பட்டியலில் இந்த ரெண்டும் அடுத்தடுத்த வரியில், ஒரே பொருளோடு, சமமாக நிற்கும்.

வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணம், செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் என்று தனித்தனியாக எழுதியது பதினெட்டாம் நூற்றாண்டில். பேச்சுக்குப் படிநிலை உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பட்டியல்காரர்களுக்கு அது மறந்துவிட்டது.

மறந்தால் என்ன கேடு என்று கேட்கலாம். பிரெஞ்சில் கேடு கொஞ்சம்தான், ஒரு சங்கடச் சிரிப்போடு போகும். தமிழில் திருப்பிப் பாருங்கள். இப்போது சங்குகுளிக்கிறவர்கள் பலர் குழாய் வழியாகவோ சிலிண்டர் வழியாகவோ காற்று எடுத்துக்கொண்டு நெடுநேரம் அடியில் இருக்கிறார்கள். ஆழத்தின் அழுத்தத்தில் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. வேகமாக மேலேறினால் அது குமிழிகளாகிறது. மூட்டு வலி, மரத்துப்போவது, தலைசுற்றல் ஆகியவற்றோடு வழக்கத்துக்கு மாறான களைப்பும் அதன் அறிகுறிகளில் ஒன்று. கரையேறினவர் "ஒரே அலுப்பா இருக்கு" என்கிறார். எந்த அலுப்பு? தெற்கே 'அலுப்பு' உடம்பு நோவுக்கும் வரும், வெறுத்துப்போனதற்கும் வரும். 'சடவு' என்றால் சோம்பலோடு சேர்ந்த அசதி. 'கிறக்கம்' என்றால் தலை சுற்றி நிலைகொள்ளாமல் போவது. இந்த நான்கையும் 'களைப்பு' என்று ஒரே கட்டத்தில் எழுதிக்கொள்கிறவர், 'படுத்து எந்திரிச்சா சரியாப் போகும்' என்று அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது. தேவைப்படுவது ஓய்வு இல்லை, ஆக்சிஜனும் அழுத்த அறைச் சிகிச்சையும்.

சேவியர் காலத்து 'வேணும்' போலத்தான். சமக்குறியின் வலது பக்கம் ஒரே ஒரு சொல் மட்டும் இருந்தால் இடது பக்கம் இருந்த ஆளைக் காணோம்.

அப்படியானால் பட்டியல் எப்படி இருக்கவேண்டும்?

குறை சொன்னால் மட்டும் போதாது. ஒரு பதிவு இப்படி இருக்கலாம் என்று எழுதிப்பார்க்கிறேன்.

கூ த பார்: திடீர்க் களைப்பு. 'உடையவன்' வினையோடு வரும். சாப்பாட்டுக்குப் பின், நெடும்பயணத்தில். நண்பர், உடன் வேலை செய்பவர் ஆகியோரிடம் சொல்லலாம். சிறு ஓய்வில் தீரக்கூடியது. 'அடிச்சுப் போட்ட மாதிரி' அல்ல, 'கண்ணு சொருகுது'க்குப் பக்கம்.

அலுப்பு (தென்கரை): 'எனக்கு ... இருக்கு' என்று வரும். உடல் நோவு அல்லது மனச்சலிப்பு. எது என்று அடுத்த கேள்வி கேட்டுத்தான் தெரியும். பெரியவர்களிடமும் சொல்லலாம். பிரெஞ்சில் முதல் பொருளுக்குக் 'களைத்தவன்', ரெண்டாவதற்கு 'போதும் போதும் என்றாகிவிட்டது' என்ற வேறு தொடர்.

ஐந்து வரி ஆகிறது. ஒரு பக்கத்தில் முப்பது தொடர் இருந்த இடத்தில் ஆறுதான் கொள்ளும். எனக்கு அது நஷ்டமாகப் படவில்லை. முப்பது தொடர் தெரிந்து ஒன்றையும் இடமறிந்து சொல்லமுடியாதவரைவிட, ஆறு தெரிந்து ஆறையும் சரியான ஆளிடம் சொல்கிறவர் நன்றாகப் பேசுவார். புதுச்சேரி மிஷனரிகளின் தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் ரெண்டு தொகுதியாக வந்தது. அதைப் போன்ற பேரகராதிகளை இதற்காகக் குறைசொல்ல முடியாது, அவற்றின் வேலை சொல்லைச் சேகரிப்பது. பேச்சைக் கற்றுத்தருகிறேன் என்று சொல்லி வருகிற பட்டியலிடம்தான் இந்தக் கணக்கைக் கேட்கவேண்டும்.

இந்தக் கரையின் பேச்சையும் யாராவது இப்படி எழுதிவைக்க வேண்டும். ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004), 'கொற்கை' போன்ற நாவல்களில் அது உயிரோடு இருக்கிறது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரிவதாலேயே அங்கே சொல் புரிகிறது. ஆனால் கடலோர மருத்துவமனைக்குப் புதிதாக வருகிற டாக்டர் ஆறுநூறு பக்க நாவலைப் படித்துவிட்டுத்தான் உட்காரவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் மேசையில் வைக்க அலுப்பு, அசதி, சடவு, கிறக்கம் என்று நாலு பதிவு உள்ள ஒரே ஒரு தாள் போதும். கரையில் கேட்டு எழுதினால் ஒரு வாரம் பத்து நாள் வேலை.